இன்னும் இரண்டு வருஷம்

விமானிகள் சங்கக் கூட்டத்தில், அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்த கேப்டன் எழுந்து பேசியது யாருக்கும் பிடிக்கவில்லை.

"ஓய்வு வயசை அறுபத்தஞ்சிலேருந்து அறுபத்தேழாக்கக் கூடாது. கண்ணும் காதும் நம்மளைக் கேட்டுக்கிட்டா போகும்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த பழைய கூட்டாளி கொதித்துப்போனார். "வீட்டுக்குப் போற நேரத்துல எங்க வயித்துல ஏன்யா அடிக்கிற? ஆறு மாசத்துக்கு ஒருக்கா மெடிக்கல் டெஸ்ட்தான் வைக்கிறாங்களே!"

"டெஸ்ட்டுல பாஸாயிடலாம். அவசரத்துக்குக் கை ஓடாது."

"அறுபத்தேழு வயசைப் பத்தி உனக்கென்ன தெரியும்? போய்ப் பாத்துட்டு வந்தியா?"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. கேப்டன் உட்கார்ந்துவிட்டார். வயதை உயர்த்தக் கோரும் தீர்மானத்துக்கு அவரைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள்.

வீட்டில் மனைவி விடவில்லை. "போன வாரம் விமானத்தை இறக்கும்போது, கோ-பைலட் ரெண்டு தரம் கத்தியும் காதுல விழலைன்னீங்களே. அதைச் சொல்லலையா?"

"சொன்னா, 'உனக்கு அறுபத்தஞ்சுக்குள்ளயே காது போச்சு, எங்களுக்குப் போகலையே'ம்பாங்க."

"அப்ப உங்க நெஜ வயசைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போதே உங்கப்பா ரெண்டு வயசு குறைச்சு எழுதிக் கொடுத்துட்டாருன்னு?"

கேப்டன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வீசினார்.

"எப்படிடீ சொல்றது? இந்த ரெண்டு வருஷமும் நான் திருட்டுத்தனமா ஓட்டினதுன்னு ஆயிடாதா? அறுபத்தேழைப் போய்ப் பாத்துட்டு வந்தவன் அந்த ரூம்ல நான் ஒருத்தன்தான். வாயைத் திறக்க முடியாதவனும் நான்தான்."