ஆறாவது வரி

ஆபரேட்டர் இயற்கணிதங்கள் என்னும் கணித அமைப்புகளில் பேராசிரியர் ஞானசிகாமணியின் பெயரால் ஒரு வகை இருந்தது. மூன்று நிபந்தனைகளுக்கு உட்படுபவை. முப்பது வருடங்களாக அவரும் அவருடைய மாணவர்களும் அவற்றின் குணங்களை ஒவ்வொன்றாக நிரூபித்துவந்தார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளில், மெஹர்பானு அதன்மேல் ஒற்றைத் தாளை வைத்து அவரிடம் நீட்டினாள். பூஜ்ஜியத்தைத் தவிர வேறெதுவும் அந்த மூன்று நிபந்தனைகளுக்கும் உட்படாது என்பதற்கான நிரூபணம். இல்லாத ஒரு விலங்கின் பழக்கங்களை எழுதுவதில் அவளுடைய ஐந்து வருடங்கள் போயிருந்தன.

“எங்கயாவது தப்பு இருக்கணும் சார். பாத்துச் சொல்லுங்க.”

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. ஆறாவது வரியை அடித்தார்.

“தப்பா சார்?”

“தப்பில்லம்மா, தேவையில்ல. நேரா ஏழுக்குப் போயிடலாம். நானும் இதை எழுதிட்டு அப்புறந்தான் அடிச்சேன்.”

“எப்போ?”

“பத்தொன்பது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஏழு பேர் டாக்டரேட் வாங்கிட்டாங்க. எல்லாரும் வேலைல இருக்காங்க. சுகந்தி இப்ப துறைத் தலைவர்.”

தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஆய்வேட்டின் சான்றிதழ்ப் பக்கத்தைத் திறந்தார். கையெழுத்துப் போட நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். மெஹர்பானு தாளை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக.

“போடுங்க சார்.”

போட்டார். மை உலர ஊதினார்.

“திங்கக்கிழமை புதுசா ஒரு பொண்ணு சேருது. அதுக்குத் தலைப்பு நீயே யோசிச்சுச் சொல்லிடும்மா.”

“ரொம்பக் கெட்டிக்காரியா சார்?” என்று கேட்டாள் மெஹர்பானு.