கிரீஸுக்கு அடியில்

பழைய கார் சாமான் கடையில் ஒரு பிரேக் டிரம் கிடந்தது. அதன்மேல் அப்பியிருந்த கிரீஸுக்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. மலைப்பாதையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் காருக்கு அதை வாங்க மறுநாள் ஆள் வருவதாக இருந்தது.

“அண்ணே, என்னைக் கழுவி விடுங்க,” என்று மண்ணெண்ணெய் டப்பாவிடம் கேட்டது டிரம்.

“கழுவினா விரிசல் தெரிஞ்சிடும். உன்னை உருக்கத்தான் அனுப்புவாங்க. அழுக்கோடவே இரு தம்பி, வித்துப் போயிடுவே.”

“கொண்டை ஊசி வளைவுல நான் உடைஞ்சா அந்தப் பிள்ளைங்க என்னண்ணே ஆவாங்க? ஊத்துங்க!”

டப்பா தயங்கியது, பிறகு மெல்லச் சாய்ந்தது.

வந்தவர் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு வேறொரு டிரம்மை வாங்கிப் போனார். உலைக்குப் போகும் லாரியில் ஏறிய டிரம், பிள்ளைகளின் கூச்சலோடு அந்தக் கார் மலையிலிருந்து இறங்கி வருவதை வழியில் பார்த்தது.