சாக்குக்கு அடியில்

தேர்தல் அடிதடிக்குப் பிறகு பேச்சை முறித்துக்கொண்ட வேலாயுதமும் இருளப்பனும் மாட்டுச்சந்தையில் எதிரெதிரே நின்றார்கள். உழவு நேரத்தில் ஒரு மாட்டைப் பறிகொடுத்த வேலாயுதத்துக்குப் பொருத்தமான ஜோடி இருளப்பனிடம்தான் இருந்தது. ஆனால் சந்தை வழக்கப்படி, விலையைத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான் பேச வேண்டும்.

“இவன் கட்சிக்கரைத் துண்டுக்குள்ள நான் கைய விடுறதா? வேற ஆளப் பாரும் தரகரே!” என்றார் வேலாயுதம்.

“இவன் துண்டு மேல பட்டா என் கை அழுகிப்போயிரும்” என்றார் இருளப்பன்.

தரகர் சீனி ராவுத்தர் மாட்டின் முதுகில் கிடந்த சாக்கை உருவி, இருவர் கைகளையும் இழுத்துச் சேர்த்து மூடினார். “மாடு எந்தக் கட்சியிலயும் இல்லப்பா.”

விரல்கள் பேசின. இருவரும் தலையசைத்தார்கள், விலை படிந்துவிட்டது. படிந்த பிறகும் கைகள் வெளியே வரவில்லை. முப்பது வருஷத்தில் ராவுத்தர் காணாத அதிசயம். ‘பலே’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டவர், மாட்டின் வாயைப் பிளந்து, ஏற்கெனவே பார்த்த பற்களை மறுபடியும் நிதானமாக எண்ணத் தொடங்கினார்.