கொஞ்சம் சாய்வாக

"எது சீக்கிரம் முடியும்?" என்று கேட்டது கணவர். பச்சை குத்தியிருந்தது மனைவியின் கையில்.

இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு சின்னச் சாவி.

இந்தத் தோல் மருத்துவமனையில், பச்சையை அழிக்க வருகிறவர்களுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்வது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பின்னால் ஒரு பழைய ஆள் இருப்பான். இந்தச் சாவிக்கும் ஒருவன் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

லேசர் என்றால் எட்டுப் பத்து முறை வர வேண்டும், வருடக் கணக்கில் இழுக்கும், ஆனால் தோல் ஓரளவு பழையபடி ஆகிவிடும் என்றேன். வேண்டாம் என்றார்.

அதன் மேலேயே பெரிய பூவாகக் குத்தி மறைத்துவிடலாம் என்றேன். அதுவும் வேண்டாம்.

"அப்ப வெட்டி எடுத்துத் தைக்கிறதுதான் சார் இருக்கு. ஆனா தழும்பு நின்னுடும்."

"நிக்கட்டும்" என்றார் உடனே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தேகப் பிராணி. கட்டியவள் கையில் வடு விழுந்தாலும் பரவாயில்லை, எவனோ ஒருவனின் நினைப்பு இருந்துவிடக் கூடாது. இவள் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ!

அவர் என் மேசைப் பேனாவை எடுத்து, சாவியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் சாய்ந்து இறங்கியது. தழும்பு இப்படித்தான் விழ வேண்டுமாம். பச்சைக்கு டிசைன் கேட்பார்கள். தழும்புக்கு டிசைன் கேட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேலங்க" என்று அவளே திருத்தினாள்.

பயந்து வாழ்கிறவள் அப்படித்தான் ஒத்துப்போவாள் என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

சாவி இருந்த இடத்தில் இனி இந்தத் தழும்புதான் அடையாளம் என்று டாக்டர் கையெழுத்தோடு ஒரு சான்றிதழும் கேட்டார். இன்சூரன்ஸில் கொடுக்கவாம். உண்மையில் யாரிடம் காட்டப் போகிறாரோ.

இருவரும் உள்ளே போனார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளியே அவர்களுடைய பைகளைக் காவல் காத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனவளின் அதே உயரம், அதே உடல்வாகு, தோளளவு வெட்டிய அதே முடி. தங்கையா என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லக்கா. அவங்க வீட்டுல வேலை பாக்கறேன். வந்து ஒரு மாசம்தான் ஆகுது."

போட்டிருந்த உடுப்பு, விரலில் மோதிரம், எல்லாம் அந்த அக்கா கொடுத்ததாம். முடியைக்கூடக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னைப் போலவே வெட்டவைத்தாளாம். தனக்கு முன்னும் பின்னும் யாரும் கிடையாது, இப்போது இவர்கள்தான் எல்லாம் என்றாள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. வேலைக்காரி தொட்ட டம்ளரைத் தனியாக வைக்கிறவர்கள் நடுவே இப்படியும் ஒரு மகராசி.

"அக்காவுக்குக் காயம் ஆறினதும் என்னையும் படகுல கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு நீச்சல் தெரியாதேன்னேன். அதனால என்னன்னு ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க."

குடிக்க டம்ளரில் தண்ணீர் நீட்டினேன். வலது கையில் பைகள் இருந்ததால் கூச்சத்தோடு இடது கையை நீட்டினாள். சட்டைக் கை மேலே ஏறியது.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு பழைய தழும்பு. கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் சாய்ந்து இறங்கியிருந்தது.

நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"சின்ன வயசுல கண்ணாடி கிழிச்சதுக்கா. இதனாலதான் எனக்கு வேலையே கிடைச்சுது. சமைக்கத் தெரியுமான்னுகூடக் கேக்கல. இதைத் தொட்டுப் பாத்துட்டு, நாளைக்கே வந்துடுன்னாங்க."

நான் டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது.