பதினோரு நடை

"இந்தப் பிராக்கெட்டோடவாம்மா தண்ணியில போட்டை ஓட்டுனீங்க?"

கோவிந்தராசு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். விருத்தாசலத்தில் இருபத்தெட்டு வருஷமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பீங்கான் கம்பெனிகளின் சூளை வண்டிகள்தான் வழக்கமான வேலை. பட்டறை வாசலுக்கு ஒரு போட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

மினி லாரியிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அந்தப் பழைய ஃபைபர் போட்டு. அதன் பின்பலகையில், மோட்டாரைத் தாங்கும் அலுமினிய பிராக்கெட் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது.

"ஆமாண்ணே. ஊருக்குள்ள வெள்ளம் வந்த அன்னிக்குப் பதினோரு நடை ஓட்டுனேன்" என்றாள் நீலாவதி. நாற்பது வயதிருக்கும். சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து விடிந்ததும் கிளம்பி வந்திருந்தாள்.

கோவிந்தராசு ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினார். அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்தது. நான்கு போல்ட்டில் மேலே இரண்டும் அறுந்திருந்தன. கீழ் ஓட்டைகள் இழுபட்டு முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன.

"மேல் போல்ட்டு எத்தனாவது நடையில போச்சு?"

"நாலாவதுல."

"அப்புறமும் ஏழு நடையா? அப்பவே மோட்டாரு ஆத்துக்குள்ள விழுந்திருக்கணுமே!"

"விழத்தாண்ணே பாத்துது. முடுக்குனா மோட்டாரு தலை பின்னால சாயுது. கயித்தை எடுத்து அதோட கழுத்துல கட்டி, முன்னால இருக்குற குறுக்குப் பலகையோட இழுத்துக் கட்டிட்டேன். நடுவுல ஒரு கட்டையைக் குடுத்து முறுக்குனேன். கயிறு தளர்ந்தா இன்னொரு முறுக்கு."

கோவிந்தராசு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவரே யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல வழி தோன்றியிருக்காது.

"போல்ட்டு ஓட்டை வழியா தண்ணி வந்திருக்குமே?"

"ஊத்துச்சு. ஏறுனவங்க கையில எல்லாம் சட்டியைக் குடுத்துட்டேன். அழுவுறவங்களுக்குப் பெரிய சட்டி. மொண்டு ஊத்துற வேலையில அழுகை நின்னுபோச்சு."

பக்கத்துப் பீங்கான் கம்பெனி அன்புச்செல்வன், வெள்ளை மண் படிந்த கைகளோடு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளாத்துல அன்னிக்கு என்னா இழுப்பு! எதுத்து எப்புடிம்மா போனீங்க?"

"நேரா எதுத்தா போட்டு நவுராதுங்க. கொஞ்சம் சாச்சுப் புடிச்சா தண்ணியே அந்தாண்ட தள்ளிக் குடுக்கும். கரை வரப்போவுதுன்னா முன்னாடியே வேகத்தைக் கொறச்சிடணும். கோயில் மதிலோரம் சுழி இருந்துது. அதுக்கு மட்டும் ஒரு பனை தூரம் வெலகிப் போனேன்."

"எத்தனை பேரைக் கொண்டாந்தீங்க?"

"அறுவத்தேழு பேரு. படுத்த படுக்கையா இருந்த தேவநாதன் அய்யாவைக் கட்டிலோட தூக்கி வச்சோம். அந்த நடைதான் ரொம்பக் கஷ்டம்."

போட்டுக்குள் இன்னும் காயாமல் ஒட்டியிருந்த வண்டலில் சின்னச் சின்னக் காலடிகள் தெரிந்தன. கோவிந்தராசு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காத்திருந்த சூளை வண்டியை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டு அறுப்பு மெஷினை எடுத்தார்.

"எப்ப வேணும்?"

"பொழுது சாயறதுக்குள்ள ஊருக்குப் போயிடணும்ண்ணே. மேல அணையில மறுபடியும் தண்ணி தொறந்துட்டாங்களாம்."

அரித்த தகட்டை முழுதும் அறுத்தெடுத்தார். கனமான அலுமினியத் தகடு வெட்டி, பழைய அளவுக்கே துளையிட்டு, ஆர்கான் வெல்டிங்கில் இணைத்தார். பின்பலகையில் ஊறிப்போயிருந்த இடத்தைச் சுரண்டி, சூடு காட்டி உலர்த்தி, பசை நிரப்பினார்.

"ஸ்டீல் போல்ட்டு அலுமினியத்தை நேரா தொடக் கூடாது. தொட்டா அரிச்சுடும். நடுவுல புஷ் வளையம் போடணும்" என்றார்.

"நம்ம பீங்கான்ல போட்டுடலாமா?" என்று ஆசையாகக் கேட்டார் அன்புச்செல்வன்.

"மோட்டாரு அதிர்வுல உடைஞ்சிடும்ப்பா. நைலான்தான்."

மதியச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை. நான்கு மணிக்கு மோட்டாரை மாட்டினார்கள். கோவிந்தராசு பிராக்கெட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு போட்டுக்குள் குழாயைத் திறந்துவிட்டு, போல்ட்டுகளுக்கு மேலே தண்ணீர் ஏறும்வரை நிரப்பினார்கள். மூன்று பேரும் வெளியே குனிந்து பார்த்தார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் பின்பலகையின் வெளிப்புறம் உலர்ந்தே இருந்தது.

நீலாவதி கையைக் கூப்பினாள்.

"நீங்க கும்புடாதீங்கம்மா" என்று பதறினார் கோவிந்தராசு. "இத்தினி வருஷமா இரும்போட கெடக்குறேன். உங்கள மாதிரி ஒரு ஆளைப் பாத்ததில்ல. கடக்கரைக்காரங்க கடக்கரைக்காரங்கதான்! பரங்கிப்பேட்டைப் பக்கமாம்மா நீங்க?"

"அய்யே, எங்களுக்கு ஏதுண்ணே கடலு? நான் வயக்காட்டு வேலைக்குப் போறவ" என்றாள் நீலாவதி, மினி லாரியில் ஏறிக்கொண்டே. "போட்டு, ஏரி குத்தகைக்காரரு திருமாலோடது. அன்னிக்கு அவரு ஊருல இல்ல. தண்ணி எறைக்கிற ஆயில் இஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பத் தெரிஞ்சவ எங்க தெருவுலயே நான் ஒருத்திதான்னு, என்னைப் புடிச்சு ஏத்தி வுட்டாங்க. அதுக்கு முன்னாடி நான் போட்டுல காலு வச்சதே இல்லண்ணே. எனக்கு நீச்சலும் தெரியாது."