சீமாட்டியும் முதுகுப்புறத்துப் பசுவும்

பிரான்ஸ் தேசத்து ஓவியர் ஒருவர், ஒரே செப்புத் தகட்டின் ஒரு பக்கத்தில் விசிறி பிடித்த சீமாட்டியையும் மறுபக்கத்தில் புல் மேயும் பசுவையும் செதுக்கிவைத்திருந்தார். மை தடவித் தாளை வைத்து அழுத்தினால் படம் விழும்.

பசுவை அச்செடுக்கும் நாளில் சீமாட்டி குப்புறக் கிடக்க வேண்டும். அதுதான் எலோடி என்ற அந்தச் சீமாட்டிக்குப் பொறுக்கவில்லை.

"ஏ மாடே, உன்னால் என் மூக்கு பலகையில் தேய்கிறது. என் படம் தொங்கும் மாளிகையை நீ கனவிலாவது பார்த்திருப்பாயா?"

"மாளிகையில் புல் இருக்குமா, அம்மா?" என்று அசைபோட்டுக்கொண்டே கேட்டது பசு.

சீமாட்டி கண்ணை மூடினாள். சரவிளக்குகளும் பியானோ இசையும் மிதந்து வந்தன.

ஒருநாள் ஊர் சுற்றப் போன பட்டறைப் பூனை திரும்பி வந்தது. "என்னை எந்த மாளிகையில் மாட்டியிருக்கிறார்கள்?" என்று சீமாட்டி ஆவலாகக் கேட்டாள்.

"உங்களையா? குடியானவன் வீட்டில், பால் பானைகளுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அவன் பெண்சாதி உங்களைப் பார்த்துக்கொண்டேதான் வெண்ணெய் கடைகிறாள். மாளிகையில் சரவிளக்குக்கு எதிரே தொங்குவது பசு. அங்கே இருக்கிற சீமாட்டிகள் அந்தப் புல்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள்."

சொல்லிவிட்டுப் பூனை மீன் தேடிப் போய்விட்டது.

மறுநாள் பசுவின் முறை. குப்புறக் கிடந்த சீமாட்டி மெல்லக் கேட்டாள்: "புல் எப்படி மணக்கும்?"

பசு அசைபோடுவதை நிறுத்தியது.

"அதை அப்புறம் சொல்கிறேன், அம்மா. மாளிகையில் நாலு பேர் என்னைப் பார்க்கிறார்களாமே, அந்த விசிறியை எப்படிப் பிடிக்க வேண்டும்?"