தாழ்ப்பாளை நீக்கியது யார்?

"ஏனுங்க சார், அந்தம்மா எங்க ஊர்ப் பக்கமுங்களா? அப்படின்னா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேனுங்க!"

கணினித் திரையில் தனசேகர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை வேலை மொழிபெயர்ப்பாளர் மஞ்சுளாவுடையது. தன்னைப் பற்றிய அந்தப் புகாரையும் ஓர் எழுத்து குறையாமல் இங்கிலீஷில் அதிகாரியிடம் ஒப்பித்தாள்.

தப்பு அவளுடையதுதான். சூரமங்கலத்து வீட்டு ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டாள். சேலம் ஜங்ஷனில் கோயம்புத்தூர் வண்டி வருகிற அறிவிப்பு கடல் தாண்டிப் போய், அந்நிய நாட்டில் அடைக்கலம் கேட்டு உட்கார்ந்திருப்பவன் காதில் விழுந்துவிட்டது. எழுந்து ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

நாமக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே இந்த வேலை. எந்த நாட்டுக்காகப் பேசுகிறாள் என்பதைப் புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம்; சொன்னதுமில்லை. அடைக்கலம் கேட்பவர்களின் முகம் இவளுக்குத் தெரியும். இவள் அவர்களுக்கு வெறும் குரலும் ஒரு நம்பரும்தான். சொந்தமாக ஒரு சொல் சேர்த்தாலும் வேலை போய்விடும்.

"வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நான்கு மாதம் ஆகும். இங்கே பேசுவது வெளியே போகாது. அதற்கு இவர் உறுதிமொழி கொடுத்திருக்கிறார்," என்றார் அதிகாரி. மஞ்சுளா அதைத் தமிழில் சொன்னாள்.

தனசேகர் நாற்காலியை மறுபடி முன்னுக்கு இழுத்தான். "இன்னும் நாலு மாசம் இதையே நெஞ்சுல சுமக்க முடியாதுங்க. கேளுங்க."

"உங்கள் நாட்டில் ஆணும் ஆணும் விரும்புவது குற்றமில்லையே. சட்டம் மாறிவிட்டதே?"

"சட்டம் டெல்லியில இருக்குதுங்க. எங்க மாமன் அடுத்த ஊட்டுல இருக்கறாருங்க."

மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை, அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

பையன் தெளிவாகப் பேசினான். அவனும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிப் பட்டறையில் கூட வேலை பார்த்த அர்த்தநாரியும் விரும்பியது தாய்மாமனுக்குத் தெரிந்துவிட்டது. அர்த்தநாரியை அடித்து ஊரைவிட்டே துரத்தினார்கள். இவனை மாமனின் கோழிப்பண்ணையில், தீவன அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

"மாமன் மவளைக் கட்டறேன்னு சொல்ற வரைக்கும் இங்கயே கெடன்னாங்க. பதினோரு நாளுங்க. தப்பிச்சு மெட்ராஸ் போனேன், பெங்களூர் போனேன். எங்க போனாலும் ஆளுங்க தேடி வந்தாங்க. அதான் இங்க வந்தேன்."

"அறையிலிருந்து எப்படித் தப்பித்தீர்கள்?"

"பன்னண்டாம் நாள் மத்தியானமுங்க. பண்ணையாளுங்க முட்டை லாரிக்கு லோடு ஏத்தப் போயிட்டாங்க. வெளிய ஆரோ நடக்கற சத்தம். கதவைத் தட்டுனேன். தாழ்ப்பாளை எடுத்து உட்டாங்க. தொறந்து பார்த்தா ஆருமில்லீங்க. வாசல்ல ஒரு டிபன் டப்பா. புளிச்சோறு."

மஞ்சுளா பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு மொழிபெயர்த்தாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "யாரோ வந்தார், கதவைத் திறந்தார், சோறு வைத்தார், மறைந்தார். திறந்தது யாரென்று சொல்ல முடியாவிட்டால், உங்களை அடைத்துவைத்ததையே நான் நம்புவது கஷ்டம். நம்பாவிட்டால் நீங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்."

அதையும் ஒரு சொல் கூட்டாமல் தமிழில் சொன்னாள் மஞ்சுளா. திரும்பினால் மாமன் வாசலில் நிற்பார் என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

தனசேகர் அசரவில்லை. "ஆருன்னு எனக்குத் தெரியாதுங்க. தேடிப் போனா அவங்களுக்கு ஆபத்துன்னு தேடலீங்க. ஆனா டப்பாவை உடலீங்க. ரெண்டு வருசமா எம்பட பையிலதான் இருக்குது."

பையிலிருந்து எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியில் புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது. "இது என்ன, கீறலா?"

"பேருங்க. விசேசத்துல பாத்திரம் மாறிப் போவாம இருக்க எங்க ஊர்ல வெட்டி வெப்பாங்க."

மூடி திரைக்கு அருகே வந்தது. "மொழிபெயர்ப்பாளரே, பதிவுக்காக இதைப் படித்துச் சொல்லுங்கள்."

மஞ்சுளா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். நிறுத்தி, நிதானமாகப் படித்தாள்.

"க. மஞ்சுளா."

"யார் அது?"

"வாக்காளர் பட்டியல் சரிபார்க்க அன்றைக்கு அந்தப் பண்ணைக்குப் போன டீச்சர். கண்ணால் பார்த்தால் சாட்சி சொல்ல வேண்டிவருமே என்று பயந்து, தாழ்ப்பாளை நீக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தவள்," என்று இங்கிலீஷில் சொன்னவள், "மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து இந்த நிமிடமே விலகிக்கொள்கிறேன். என்னைச் சாட்சியாக எழுதிக்கொள்ளுங்கள்," என்று, அதுவரை அணைத்து வைத்திருந்த தன் கேமராவைப் போட்டாள்.

பிறகு, ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக, திரையைப் பார்த்துச் சொந்தமாக ஒரு கேள்வி கேட்டாள்:

"சோறு கெட்டுப் போகாம இருந்துச்சா, சாமி?"